ஊசி கிராமத்தில், ஓ.டி.பி. நகரத்தில்

2021 மே மாதம். கொரோனாவின் இரண்டாவது அலை நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தது. பெருநகரங்களைச் சுற்றியிருந்த கிராமங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் முன்னால் அந்தக் கிராமங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு காட்சி. வரிசையாகக் கார்கள். காரிலிருந்து இறங்கியவர்கள் கையில் செல்போனை நீட்டினார்கள், ஊசி போட்டுக்கொண்டார்கள், வந்த வழியே திரும்பிப் போனார்கள். ஊர்க்காரர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தடுப்பூசி அவர்கள் ஊருக்கு வந்திருந்தது. அவர்களுக்காக வரவில்லை.

நடந்தது இதுதான். மே 1 முதல் 18-44 வயதினருக்கு ஊசி என்று மத்திய அரசு அறிவித்தது. ஆனால் கோவின் என்ற இன்டர்நெட் தளத்தில் முன்கூட்டியே பெயரைப் பதிந்து, செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைத் தட்டி, நாளையும் நேரத்தையும் பிடித்தவர்களுக்கு மட்டும்தான். நாட்டின் எந்த மூலையில் இருப்பவரும் எந்த மாவட்டத்தையும் தேர்வு செய்யலாம். பக்கம் திறந்த சில விநாடிகளில் இடங்கள் தீர்ந்தன. கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்கள் இடம் காலியானதும் மணியடிக்கும் புரோகிராம்களை எழுதினார்கள். அப்போது அந்தத் தளம் ஆங்கிலம் மட்டுமே பேசியது. மும்பை, புனே, பெங்களூரு வாசிகள் தங்கள் ஊரில் இடம் கிடைக்காமல், பல கிலோமீட்டர் தள்ளியிருந்த கிராம மையங்களை வீட்டு சோபாவிலிருந்தே பிடித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. உயிர் பயம் யாருக்குத்தான் இல்லை?

அந்த மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் இதைக் கையில் எடுத்தது. நீதிபதி சந்திரசூட் தலைமையிலான பெஞ்ச், அரசின் சொந்தப் புள்ளிவிவரங்களையே எடுத்து வைத்துக் கேள்வி எழுப்பியது. 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வுப்படி, கிராமப்புறக் குடும்பங்களில் சுமார் 15 சதவீதத்துக்குத்தான் இன்டர்நெட் வசதி இருந்தது. நகரங்களில் 42 சதவீதம். கம்ப்யூட்டர் கணக்கு இன்னும் மோசம்: கிராமத்தில் 4 சதவீதம்தான். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே ஓர் அரசு, உயிர் காக்கும் மருந்துக்கு ஒரே ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்தது எப்படி? அதற்குள் மே 24ஆம் தேதி, அரசு மையங்களில் நேரில் வருபவர்களுக்கும் ஊசி போடலாம் என்று விதி தளர்த்தப்பட்டிருந்தது. ஜூனில் கோவின், இந்தியும் மற்ற மொழிகளும் கற்றுக்கொண்டது. நல்லதுதான். ஆனால் மே மாதத்தில் இறந்தவர்களுக்கு ஜூன் மாதம் கிடையாது.

கோவின் ஒரு தளத்தின் தவறு மட்டும் என்று எண்ணினால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும். அந்த வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்பது கால் நூற்றாண்டுக்கு முன்பே தீர்மானமாகிவிட்டது.

1995 ஆகஸ்ட் 15. விதேஷ் சஞ்சார் நிகாம் என்ற பொதுத்துறை நிறுவனம் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. பம்பாய், டெல்லி, கல்கத்தா, சென்னை. அடுத்து பெங்களூரும் புனேயும். விநாடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் 250 மணி நேரத்துக்குத் தனிநபர் கட்டணம் ரூ. 5,000. மாணவர்களுக்கு, எழுத்துகள் மட்டுமே தெரியும் ஏழைக் கணக்கு ஒன்று ரூ. 500க்கு. நூறு பேருக்கு ஒன்று, ஒன்றரை என்ற கணக்கில்தான் அப்போது தொலைபேசியே இருந்தது. முனையம் இல்லாத ஊர்க்காரர் எஸ்.டி.டி. போட்டுத்தான் நுழைய வேண்டும். பாட்னாவிலோ ஜபல்பூரிலோ இருந்த ஒருவருக்கு இன்டர்நெட் என்பது பத்திரிகையில் படிக்கிற சமாச்சாரம்.

1998 நவம்பரில் தனியாருக்குக் கதவு திறந்தது. உரிமங்கள் ஏ, பி, சி என்று மூன்று வகை. நாடு முழுவதற்கும் ஒன்று, ஒரு மாநிலம் அல்லது பெருநகரத்துக்கு ஒன்று, ஒரு சிறு வட்டாரத்துக்கு ஒன்று. சின்ன ஊர்களிலும் உள்ளூர் ஆட்கள் சின்னதாகக் கடை போடுவார்கள் என்ற எண்ணம் காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. நடைமுறையில், ஏற்கெனவே தொலைபேசியும் சம்பளமும் ஆங்கிலமும் இருந்த ஊர்களில்தான் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. மரப்பலகைத் தடுப்பு, மணிக்கு இத்தனை ரூபாய், வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள். ஒரு தலைமுறைத் தென்னிந்திய இளைஞர்கள் அங்கிருந்துதான் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போட்டார்கள். அவர்களோடு எல்லா வகையிலும் சமமாக நின்ற ஒரு தர்பங்கா இளைஞர் அதே ஆண்டுகளில் தபால் பெட்டியை நம்பியிருந்தார்.

அதே 1998ல் புதுச்சேரியில் நடந்த ஒரு சிறு காரியம், பின்னால் வந்த பல கோடித் திட்டங்களைவிட நினைவில் வைக்கத் தகுந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து, சுற்றுவட்டாரக் கிராமங்களில் தகவல் மையங்களை ஆரம்பித்தது. வீராம்பட்டினம் மீனவர்கள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. நாளைக்குக் கடலில் அலை எவ்வளவு உயரம்? அமெரிக்கக் கடற்படையின் இன்டர்நெட் தளத்தில் வங்கக் கடலுக்கான அந்தக் கணிப்பு கிடைத்தது. மையத்தில் இருந்தவர்கள் அதை இறக்கி, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டார். அவருக்குக் கம்ப்யூட்டர் வேண்டியிருக்கவில்லை, ஆங்கிலம் வேண்டியிருக்கவில்லை, பாஸ்வேர்டும் வேண்டியிருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று, இதே மாதிரி மையம் இருந்த நல்லவாடு கிராமத்துக்கு சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்தார். மையத்தின் ஒலிபெருக்கி அலறியது. சுனாமி கரையேறும் முன் ஊர் காலியாகிவிட்டிருந்தது.

இந்த உதாரணம் மாநாடுகளில் பலமுறை மேற்கோள் காட்டப்பட்டது. கைதட்டலும் கிடைத்தது. அரசுத் திட்டங்கள் மட்டும் வேறு பக்கம் போயின. நடுவில் இருந்து வாசித்துச் சொல்கிற ஆளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு குடிமகனும் தானே திரையைத் தட்டிக்கொள்ளட்டும் என்பதுதான் பின்னாளைய கொள்கையாகிவிட்டது.

இன்டர்நெட்டின் இந்திய வரைபடத்தை ஒரே பார்வையில் காண விரும்புபவர்கள் 2010ஆம் ஆண்டின் 3ஜி அலைக்கற்றை ஏலப் பட்டியலை எடுத்துப் பார்க்கலாம். 34 நாட்கள், 183 சுற்றுகள் நடந்த ஏலம் அது. மத்திய அரசுக்குக் கொட்டிய பணம் ரூ. 67,719 கோடி. எல்லோரும் மொத்தத் தொகையைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். உள்ளே இருந்த வட்டாரக் கணக்குதான் உண்மையில் சுவாரசியமானது. ஒரு கம்பெனிக்கான விலை டெல்லியில் ரூ. 3,317 கோடி, மும்பையில் ரூ. 3,247 கோடி. தமிழ்நாடு ரூ. 1,465 கோடி. ஜார்க்கண்டையும் உள்ளடக்கிய பீகார் வட்டாரம் ரூ. 203 கோடி. அஸ்ஸாம் ரூ. 41 கோடி. மற்ற ஆறு வடகிழக்கு மாநிலங்களும் சேர்ந்து ரூ. 42 கோடி. ஜம்மு காஷ்மீர் ரூ. 30 கோடி.

இதை 2011 மக்கள்தொகைக் கணக்கோடு வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். பீகாரும் ஜார்க்கண்டும் சேர்ந்து சுமார் 13.7 கோடிப் பேர்; தமிழ்நாடு 7.2 கோடி. அதாவது ஒரு தமிழ்நாட்டுக்காரருக்கு 200 ரூபாய் மதிப்புப் போட்ட சந்தை, ஒரு பீகார்க்காரருக்கு 15 ரூபாய் போட்டது. டெல்லிவாசி ஆயிரத்துக்கும் மேல். கம்பெனிகள் தர்மம் செய்ய வரவில்லை. பணம் எங்கே திரும்பி வருமோ அங்கே போட்டன. அதிக விலை கொடுத்த இடத்தில்தான் முதலில் டவர் எழும்பும் என்பதும் வியாபார நியாயம்தான். மலிவாக விற்ற வட்டாரங்களில் அந்த இடைவெளியை இட்டு நிரப்பும் வேலை அரசுடையது. அதற்காகவே கிராமத் தொலைபேசி நிதி என்று கம்பெனிகளின் வருமானத்தில் ஒரு பங்கு வசூலிக்கப்பட்டும் வந்தது.

அந்த நிதியிலிருந்து பிறந்ததுதான் எல்லாக் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் இழுக்கும் திட்டம். 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல். இரண்டரை லட்சம் பஞ்சாயத்துகள், இரண்டே ஆண்டுகள் என்றார்கள். ஆட்சி மாறியது, திட்டத்துக்குப் பாரத்நெட் என்று புதுப் பெயர் வந்தது. முதல் ஒரு லட்சம் பஞ்சாயத்துகள் முடிந்தபோது 2017 டிசம்பர். 2023 ஆகஸ்டில் மேலும் ரூ. 1.39 லட்சம் கோடி ஒதுக்கிப் புதுக் கெடுக்கள் வைக்கப்பட்டன. அரசு ஆவணங்களில் இணைக்கப்பட்ட பஞ்சாயத்துகளைக் குறிக்க ஒரு சொல் உண்டு: 'சர்வீஸ் ரெடி'. சேவைக்குத் தயார் என்றுதான் அர்த்தம். சேவை கிடைக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பந்தல் ரெடி என்பது மாதிரி.

தரையில் இந்தக் கதி என்றால் தீவுகளும் மலைகளும் எப்படி இருந்திருக்கும்? வெளிநாட்டுக் கேபிள்கள் கடலுக்கடியில் வந்து கரையேறுவது மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம் என்ற விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான். அங்கிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும், விலை ஏறும், கேபிள் அறுந்தால் மாற்று வழி இருக்காது. சென்னைக்கு எதிர்க்கரை போலிருக்கும் அந்தமானில், தமிழ்க் குடும்பங்கள் உட்பட நாலு லட்சம் பேர், 2020 வரை செயற்கைக்கோளை நம்பியே காலம் தள்ளினார்கள். சென்னையிலிருந்து அப்போதைய போர்ட் பிளேருக்கும் மற்றத் தீவுகளுக்கும் 2,312 கிலோமீட்டர் கேபிள் போட்டு முடித்தது 2020 ஆகஸ்டில். லட்சத்தீவுக்குக் கொச்சியிலிருந்து கேபிள் போனது 2024 ஜனவரியில். வடகிழக்குக்கு சிலிகுரியின் குறுகிய நிலப்பட்டை வழியாகவே எல்லாம் போக வேண்டியிருந்தது. 2016 மார்ச்சில் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் கடற்கரையிலிருந்து அகர்தலாவுக்கு ஓர் இணைப்பு வந்தது. மும்பை, சென்னைக்கு அடுத்தபடியாக நாட்டின் மூன்றாவது சர்வதேச வாசல் திரிபுராவில் என்று பிரதமர்கள் இருவரும் வீடியோவில் தோன்றித் தொடங்கி வைத்தார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் ரிலையன்ஸ் ஜியோ வந்தது. 2014ல் ஒரு ஜி.பி. டேட்டா சுமார் 269 ரூபாய். சில ஆண்டுகளில் அது பத்து ரூபாய் அளவுக்கு விழுந்தது. உலகத்திலேயே மலிவு என்ற பெருமை வந்து சேர்ந்தது, நியாயமான பெருமைதான். 2024 மார்ச் கணக்கில் நாட்டில் 95 கோடி இன்டர்நெட் இணைப்புகள். பிரச்சினை தீர்ந்ததா? அதில் கிராமங்களின் பங்கு 40 கோடிக்கும் குறைவு. மூன்றில் இரண்டு இந்தியர் வாழும் இடத்தில் பாதிக்கும் குறைவான இணைப்பு. நகரங்களில் நூறு பேருக்கு நூறுக்கும் மேல், கிராமங்களில் நூறு பேருக்கு நாற்பத்துச் சொச்சம். இவை சிம் கணக்கு, தலைக் கணக்கு அல்ல. அந்த ஏப்ரலில் சுமார் 31,000 கிராமங்களுக்கு 3ஜியோ 4ஜியோ எட்டியிருக்கவேயில்லை.

தலையை எண்ணிய ஒரு கணக்கும் இருக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு, வாழ்நாளில் ஒரு முறையாவது இன்டர்நெட்டைப் பயன்படுத்தியது உண்டா என்று கேட்டது. ஒரே ஒரு முறை. ஆண்களில் 57 சதவீதம் உண்டு என்றார்கள், பெண்களில் 33. பீகாரில் பெண்கள் 21 சதவீதம். தமிழ்நாட்டில் ஆண்கள் 70, பெண்கள் 47 என்பதும் பெருமைப்படும்படி இல்லை. கேரளத்தில் பெண்கள் 61.

இந்தப் பட்டியலில் சிலர் எதிர்பாராத இடத்தில் நிற்கிறார்கள். பெண்கள் கணக்கில் முதல் இடங்களில் இருப்பவை பெரிய ஐ.டி. மாநிலங்கள் அல்ல; 77 சதவீதத்தோடு மலை மாநிலமான சிக்கிமும், 74 சதவீதத்தோடு கோவாவும். கடைசி வரிசையில் பீகாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஆந்திரப் பிரதேசம்: 21 சதவீதம். 1998ல் சைபர் டவர்ஸைக் கட்டி உலகத்தின் கண்ணைத் தன் பக்கம் திருப்பிய ஒன்றுபட்ட ஆந்திரத்தின் வாரிசு. ஐதராபாத்தோடு பிரிந்துபோன தெலங்கானாவில் மட்டும் என்ன, 27 சதவீதம்தான். சர்வதேச வாசல் திறந்த திரிபுராவில் 23. வாசல் அகர்தலா வரை வந்திருக்கிறது. அங்கிருந்து அடுக்களைக்கு இன்னொரு கேபிள் இழுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு டெண்டர் விட முடியாது. வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட் போன் என்றால் அது கணவனோடோ மகனோடோ வெளியே போய்விடுகிறது. பீகாரில் பாதிப் பெண்களிடம் தங்களுக்கென்று செல்போன் இருந்தும், அதில் பெரும்பாலோர் இன்டர்நெட் பக்கமே போகவில்லை என்றால் கையிலிருந்தது எந்த மாதிரி போன் என்று ஊகிக்கலாம்.

கேபிளும் போனும் இருந்தும் அரசே சுவிட்சை அணைத்த பகுதிகள் தனி. காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் 5ல் போன இன்டர்நெட், ஐந்து மாதங்களுக்கும் மேலாகி 2ஜியாகத் திரும்பியது. 4ஜி முழுமையாக வந்தது 2021 பிப்ரவரியில். நடுவில் கொரோனாவும் ஆன்லைன் வகுப்புகளும் வந்து போயின. ஒரு பாடத்தின் வீடியோ இறங்கி முடிப்பதற்குள் வகுப்பே முடிந்துவிடும் வேகம் அது. 2023 மே மாதம் கலவரம் வெடித்த மணிப்பூரில் மொபைல் இன்டர்நெட், இடையில் சில நாட்கள் தவிர, டிசம்பர் வரை கிடையாது. கிடைப்பதே கடைசியில், அணைவது முதலில் என்பது எல்லைப்புற மாநிலங்களின் தலையெழுத்தாகிவிட்டது.

1995ல் இன்டர்நெட் இல்லாத ஊர்க்காரர் இழந்தது ஒரு சௌகரியத்தை. அதற்குப் பிறகு ரேஷன், பென்ஷன், உதவித்தொகை, கூலி என்று ஒவ்வொன்றாக அதே கம்பி வழியே போகத் தொடங்கின. கம்பி போகும் வேகத்தைவிடக் கட்டாயம் போகும் வேகம் அதிகம் என்பதுதான் தகராறு. ஜார்க்கண்டிலும் ராஜஸ்தானிலும் ரேஷன் கடைக்காரர் கைரேகை மெஷினைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி மேட்டில் ஏறிய காட்சிகள் பலமுறை பத்திரிகைகளில் வந்திருக்கின்றன.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் நடந்ததைப் பார்த்தால் போதும். 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணியிடங்களிலும் வருகைப் பதிவு செல்போன் ஆப் வழியாகத்தான் என்று கட்டாயமானது. காலையில் ஒரு போட்டோ, பிற்பகலில் ஒரு போட்டோ. நேரமும் இடமும் முத்திரையாக விழ வேண்டும். போலிப் பெயர்களில் கூலி எடுப்பதைத் தடுக்க என்றது அரசு. அந்தத் திருட்டு இருந்ததும் உண்மை. ஆனால் ஸ்மார்ட் போன் வாங்கியது மேட் எனப்படும் பணித்தளப் பொறுப்பாளர், பெரும்பாலும் பெண். டேட்டா போட்டதும் அவரே. காலை வேலையை முடித்தவர்கள் இரண்டாவது போட்டோவுக்காகக் காத்துக் கிடந்தார்கள். டெல்லி ஜந்தர் மந்தரில் அந்த ஆண்டு பிப்ரவரியில் தொழிலாளர்கள் நூறு நாள் போராட்டம் தொடங்கியதற்கு இந்த ஆப்பும் ஒரு காரணம். 2025 டிசம்பரில் அந்தத் திட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் கைரேகை, ஜி.பி.எஸ். என்று அதே வழியைத்தான் இன்னும் விரிவாக எழுதி வைத்திருக்கிறது.

போட்டோ ஏறாத நாள், ஆள் வராத நாள். வெட்டிய மண் கண்ணெதிரே குவிந்திருக்கும். பதிவேட்டில் அது இருக்காது. விதிவிலக்காகக் கையால் எழுதிய வருகையை ஏற்க மாவட்ட அதிகாரிக்கு அதிகாரம் தரப்பட்டிருந்தது. அதற்கு மனு எழுத வேண்டும். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும்.